போர் நினைவுச்சின்னத்தைப் படிப்பது எப்படி: சரயேவோ நகரத்தை வைத்து ஓர் அறிமுகம்

போர் முடிந்த ஊரில் இரண்டு பட்டியல்கள் உருவாகின்றன. ஒன்று, இறந்தவர்கள் யார் என்பது. இன்னொன்று, அவர்களில் யாரை ஊர் கூடி நினைக்கும் என்பது. முதல் பட்டியல் வீடுகளிலும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடக்கும். இரண்டாவது பட்டியல் கல்லில் ஏறும். இரண்டும் ஒத்துப்போவது அரிது. ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்கத் தொடங்கினால் ‘பொது நினைவு’ என்றால் என்ன என்பது விளங்கிவிடும்.

ஒரு தாய் தன் பிள்ளையை நினைக்க நினைவுத்தூண் தேவையில்லை. ஊர் நினைப்பதற்குத்தான் அது தேவைப்படுகிறது. தெருப்பெயர், சிலை, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், ஆண்டுக்கொரு முறை மலர்வளையம் எல்லாம் சேர்ந்ததுதான் பொது நினைவு. மனிதர் தனியாக நினைப்பதில்லை, குடும்பமும் மதமும் ஊரும் தரும் சட்டகத்துக்குள்தான் நினைக்கிறார் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1920களிலேயே எழுதினார். கண்ணால் கண்டவர்கள் சொல்லும் கதை வீட்டுக்குள் இரண்டு மூன்று தலைமுறை ஓடும். அதற்கப்புறம் ஏதாவது ஒன்றில் பதிந்திருந்தால்தான் நிற்கும். எதில் பதிப்பது, யாரைச் சேர்ப்பது என்ற முடிவையோ, சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே, ஊர் இன்னும் ஒரு பேச்சுக்கு வராத நிலையிலேயே எடுத்தாக வேண்டும். சச்சரவு அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் பார்க்கப் பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோ பொருத்தமான ஊர். யூகோஸ்லாவியா என்ற நாடு உடைந்தபோது பொஸ்னியாவில் மூண்ட போரில், 1992 ஏப்ரல் 5 முதல் 1996 பிப்ரவரி 29 வரை 1,425 நாட்கள் அது முற்றுகையில் இருந்தது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து பொஸ்னிய செர்பியப் படை பீரங்கியாலும், மோர்ட்டார் எனப்படும் குட்டைக் குழல் பீரங்கியாலும் சுட்டது, ஸ்னைப்பர்கள் தெருவைக் கடந்தவர்களைச் சுட்டார்கள். போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு நகரின் பெரும்பகுதி, பொஸ்னிய முஸ்லிம்களும் குரோஷியரும் பெரும்பான்மையான பொஸ்னிய கூட்டமைப்பின் கீழும், தெற்கு, கிழக்குப் புறநகரில் ஒரு பகுதி செர்பியர் பெரும்பான்மையான ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் கீழும் வந்தன. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு நிர்வாகங்கள், இரண்டு விதமான நினைவு நாட்கள்.

தரையில் இருக்கும் சின்னம்

முதலில் ‘சரயேவோ ரோஜா’. மோர்ட்டார் குண்டு தார்ச்சாலையிலோ நடைபாதையிலோ விழுந்ததும் வெடிக்கிறது. நடுவில் ஆழமில்லாத ஒரு குழி விழும். சிதறல்கள் அதைச் சுற்றி விரல் நீளத்துக்கும் கை நீளத்துக்கும் கீறல்களாகத் தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். பார்க்க இதழ் விரிந்த பூப்போல இருக்கும். போருக்குப் பிறகு அந்தக் குழியிலும் கீறல்களிலும் சிவப்பு ரெசின் (ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றி நிரப்பினார்கள். எல்லாக் குண்டுத் தழும்புக்கும் இது செய்யப்படவில்லை, பலர் ஒரே இடத்தில் இறந்த இடங்களுக்கே செய்தார்கள். ஃபெர்ஹாடியா தெருவில் 1992 மே 27 அன்று ரொட்டிக்கு வரிசையில் நின்ற 26 பேர் இறந்த இடமும் அவற்றில் ஒன்று.

இந்தச் சின்னத்துக்குப் பீடம் இல்லை, வேலி இல்லை. ரோஜாவில் பெயரும் இல்லை. கடைக்குப் போகிறவர் மிதித்துக்கொண்டுதான் போவார். இது நடந்தது போர்க்களத்தில் அல்ல, ரொட்டிக் கடை வாசலில் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் சின்னம் அந்த நகரத்தில் வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

ஆனால் நீடிப்பதில் இதுதான் பலவீனமானது. ரெசினும் தாரும் வெயிலில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒரே அளவில் நடப்பதில்லை, அதனால் ஓரத்தில் விரிசல் விடும். சரயேவோவில் பனிக்காலம் கடுமையானது. விரிசலுக்குள் இறங்கிய நீர் உறைந்து ரெசினைத் தூக்கிவிடும், பனி அகற்றும் இரும்பு அதைப் பெயர்த்துக்கொண்டு போகும். இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து சாலைப் பராமரிப்பு. மேல்தாரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடும்போது, வேலைக்கு வந்தவரின் வரைபடத்தில் அந்தத் தழும்பு குறிக்கப்படவில்லை என்றால் அவருக்கு அது ஒரு பழைய பெயிண்ட் கறை, அவ்வளவுதான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ரோஜாக்கள் பல இப்படித்தான் போயின. அழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சாலைத் துறையின் கோப்பில் அவை இல்லை.

மீதமிருப்பவற்றைத் திரும்ப நிரப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே சிவப்புச் சாயத்தை மட்டும் பூசினால் மெல்லிய கீறல்கள் அடைபட்டு, இரண்டு மூன்று முறைக்குள் பூ ஒரு வட்டப் பொட்டாகிவிடும். பழைய ரெசினைக் கீறலின் ஓரம் உடையாமல் எடுத்து, தூசியும் ஈரமும் போன பிறகு ஊற்றினால்தான் வடிவம் நிற்கும். அதற்கு முன்னால் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து, தழும்பின் வடிவத்தை அச்சு வார்த்தும் வைக்க வேண்டும்.

அந்தத் தழும்பு முதலில் ஒரு தடயம் என்பதையும் மறக்கக் கூடாது. கீறல்கள் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கின்றன, குழி எந்தக் கோணத்தில் இறங்கியிருக்கிறது என்று அளந்து குண்டு வந்த திசையைக் கணிப்பார்கள். சரயேவோவின் மார்க்காலே சந்தையில் நடந்த குண்டுத் தாக்குதலைப் பற்றி, யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் நகரின் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நடந்த வாதங்களில் இத்தகைய அளவீடுகள் வரிக்கு வரி அலசப்பட்டன. ரெசின் ஊற்றிய கணத்தில் தடயமாக அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே போர் முடிந்த எந்த ஊரிலும் வரிசை இதுவாகத்தான் இருக்க வேண்டும்: அளவெடுப்பு முதலில், அஞ்சலி பிறகு.

பலகையில் யார் குற்றவாளி?

ரோஜா எதுவும் சொல்லாது. பலகை சொல்லியாக வேண்டும், சொன்னதும் சிக்கல் வரும்.

மிலியாட்ஸ்கா ஆற்றங்கரையில் இருக்கும் வியெச்னிட்சா, ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியில் நகர மண்டபமாகக் கட்டப்பட்டு, பின்னர் தேசிய நூலகமானது. 1992 ஆகஸ்ட் 25 இரவு குண்டுவீச்சில் எரிந்தது. 2014 மே 9 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் உள்ள பலகை, அந்த இரவில் ‘செர்பியக் குற்றவாளிகள்’ நூலகத்துக்குத் தீ வைத்தார்கள் என்றும், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் ஆவணங்களும் அழிந்தன என்றும் சொல்கிறது. மறக்காதீர்கள், நினையுங்கள், எச்சரியுங்கள் என்று முடிகிறது. இதே சொல்லாட்சியை நகரின் வேறு பல பலகைகளிலும் காணலாம்.

இந்த வாசகத்தை ஆதரிப்பவர்களின் வாதம் லேசானதல்ல. நூலகம் தானாகத் தீப்பிடிக்கவில்லை, ‘தீயில் அழிந்தது’ என்று எழுதினால் குற்றம் காற்றில் கரைந்துவிடும் என்கிறார்கள். எதிர்ப்பவர்களின் வாதமும் லேசானதல்ல. முற்றுகைக்குள் செர்பியர்களும் இருந்தார்கள், பசித்தார்கள், குண்டுபட்டு இறந்தார்கள். செர்பியக் குடும்பத்தில் பிறந்த ஜெனரல் யோவான் டிவ்யாக் நகரைக் காத்த படையில் இருந்தார். ஓர் இனத்தின் பெயரைக் குற்றத்தின் அடைமொழியாக்கினால், தினமும் அந்தப் பலகையைக் கடக்கும் செர்பிய மாணவர் எதைப் படித்துக்கொண்டு போவார்?

எங்கள் பார்வையில் நடுவில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எந்தப் படை, எந்தப் பிரிவு, யார் கட்டளையில், எந்தத் தீர்ப்பில் உறுதியானது என்று எழுதுவது. சரயேவோ விஷயத்தில் அதற்கு ஆதாரம் உண்டு. முற்றுகைப் படையின் தளபதியாக இருந்த ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006இல் ஹேக் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆளையும் பதவியையும் சொல்வது இனத்தைச் சொல்வதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு, நியாயமானதும் கூட.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நகருக்கு மேலே ட்ரெபேவிச் மலைச்சரிவில் கசானி என்கிற பள்ளம் இருக்கிறது. போரின்போது நகரைக் காத்த பொஸ்னிய ராணுவத்தின் 10ஆவது மலைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள், நகரவாசிகளை, பெரும்பாலும் செர்பியர்களை, கொண்டுபோய்க் கொன்று அதில் போட்டார்கள். அந்தப் பிரிவின் தளபதி முஷான் தோப்பாலோவிச், பொஸ்னிய அரசே எடுத்த நடவடிக்கையில் 1993 அக்டோபரில் கொல்லப்பட்டார். ஆனால் 1996இல் அவர் உடல் கோவாச்சி தியாகிகள் மயானத்தில் பெருங்கூட்டத்தோடு மறு அடக்கம் செய்யப்பட்டது. கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு கல் வைக்க 2021 நவம்பர் வரை ஆனது. அந்தக் கல்லில் அடையாளம் காணப்பட்ட 17 பேரின் பெயர்கள் இருக்கின்றன. கொன்றவர்கள் யார் என்பது இல்லை.

இரண்டு பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தவர் செய்ததற்கு எழுவாய் இருக்கிறது, நம்மவர் செய்ததற்கு எழுவாய் காணாமல் போகிறது. இது சரயேவோவுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. எந்த ஊரின் பலகையிலும் முதலில் தேட வேண்டியது இந்த எழுவாயைத்தான். இத்தனைக்கும் கசானியில் கல் வைத்ததே பெரிய காரியம் என்று சொல்ல வேண்டும். தன் பக்கத்துப் படை செய்த கொலைக்கு நகர நிர்வாகமே நினைவுக்கல் வைப்பது அந்த வட்டாரத்தில் அரிது.

வியெச்னிட்சாவைப் பற்றிப் படிக்கும் தமிழர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இரண்டு கட்டடங்களும் பழைய தோற்றத்திலேயே மீட்கப்பட்டன. இரண்டிலும் ஒரே கேள்வி எழுந்தது: எரிந்த சுவரில் ஒரு பகுதியையாவது அப்படியே விட்டிருக்கலாமா? முழுதாகப் புதுப்பித்த கட்டடம் வாசகருக்கு நூலகத்தைத் திருப்பித் தருகிறது, ஆனால் நடந்ததைத் தன் சுவரால் சொல்லும் திறனை இழந்துவிடுகிறது. அந்த வேலை முழுவதும் பலகையின் தலையில் விழுகிறது. பலகையின் வாசகத்துக்கு இவ்வளவு கனம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணும் பெயரும்

2012 ஏப்ரல் 6, போர் தொடங்கி 20 ஆண்டு. சரயேவோவின் டிட்டோ தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் 825 வரிசைகளில் காலியாகப் போடப்பட்டன. கொல்லப்பட்ட ஒருவருக்கு ஒரு நாற்காலி. அவற்றில் 643 சின்ன நாற்காலிகள், குழந்தைகளுக்கானவை. ஒரே நாளில் எடுத்துவிடும் சின்னம்தான் என்றாலும், எண் என்பது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று மக்கள் நடந்து பார்த்தார்கள்.

அதே நகரில் வெலிகி பூங்காவில் முற்றுகையில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கான நினைவுச்சின்னம் 2009இல் திறக்கப்பட்டது. நீர்த்தொட்டிக்கு நடுவே கண்ணாடிச் சிற்பம். தொட்டியைச் சுற்றிய உலோக வளையத்தில், இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தவர்களுடைய காலடிகள் பதிந்திருக்கின்றன. அருகிலேயே கையால் சுழற்றக்கூடிய உருளைகள், அவற்றில் 521 பெயர்கள். பேச்சுகளிலும் செய்திகளிலும் வருவதோ 1,600க்கு மேல் என்கிற எண்.

643, 521, 1,600. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். குழந்தை என்பது 14 வயது வரையா 18 வரையா, நகர எல்லையா மாவட்டம் போன்ற கன்டன் எல்லையா, குண்டுபட்டு இறந்தவரா, மருந்தின்றி இறந்தவரும் சேர்த்தியா, ஆவணம் கிடைத்தவர் மட்டுமா என்பவற்றைப் பொறுத்து எண் பல மடங்கு மாறும். பிழை எண்ணில் இருப்பதைவிட, வரையறையை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவதில்தான் அதிகம். வரையறை இல்லாத எண்ணை மறுப்பவர்கள் ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிடுவார்கள்.

அந்தச் சின்னத்தின் பெயரிலேயே ஒரு வரையறை ஒளிந்திருக்கிறது: ‘முற்றுகைக்குள்ளான சரயேவோவின் கொல்லப்பட்ட குழந்தைகள்’. முற்றுகைக் கோட்டுக்கு அந்தப்பக்கம், செர்பியப் படை வைத்திருந்த க்ர்பாவிட்சா போன்ற பகுதிகளில் இறந்த குழந்தைகளை அந்த ஓர் அடைமொழி வெளியே நிறுத்திவிடுகிறது. சில நூறு மீட்டர் தள்ளி, அதே நகரில், அதே போரில்.

எண் சண்டைக்கு ஒரே மருந்து பெயர்வாரிப் பட்டியல். பொஸ்னியப் போரில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்று நீண்ட காலம் பேசப்பட்டது. சரயேவோவின் ஆய்வு, ஆவண மையம் ஒவ்வொருவராகப் பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, இறந்த இடம், நாள், சிவிலியனா படையாளா என்று சேகரித்தது. முடிவில் வந்த எண் 95,940. அதில் சிவிலியன்கள் 38,239. எண் குறைந்ததால் பலருக்குக் கோபம். ஆனால் அதன் பிறகு யாரும் விருப்பத்துக்கு ஏற்றவோ இறக்கவோ முடியவில்லை. கேட்டால் பெயரைக் காட்ட வேண்டும்.

தந்தை பெயரைச் சேர்ப்பது சடங்குக்காக அல்ல. ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஒருவரே இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை வருவார். முதலில் காணாமல் போனவராகவும் பின்னர் உடல் கிடைத்து இறந்தவராகவும் பதியப்பட்டவர் இரட்டிப்பாவார். கல்லில் செதுக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் திருத்துவது கடினம். அதனால்தான் பட்டியலைச் செதுக்கும் முன் குடும்பங்கள் பார்க்கும்படி பொதுவில் வைப்பது, பெயர்களைத் தனித்தனிப் பட்டைகளில் பொறிப்பது, கடைசியில் காலியிடம் விடுவது எல்லாம் அனுபவப்பட்டவர்கள் வைத்திருக்கும் வழக்கங்கள்.

யார் கையில் அனுமதி?

எங்கே எதை வைக்கலாம் என்பதைப் பொஸ்னியாவில் நகராட்சி, கன்டன், அந்தந்தப் பகுதி அரசு என்று உள்ளூர் அதிகாரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே விதி இல்லை. இதன் விளைவு எளிது: போருக்குப் பின் எந்தச் சமூகம் அங்கே பெரும்பான்மையோ அதன் துயரம் கல்லாகும், சிறுபான்மையின் துயரம் விண்ணப்பமாகவே நிற்கும். வடமேற்கே, செர்பியர் பெரும்பான்மையான ப்ரியேடோர் நகரில் கொல்லப்பட்ட 102 குழந்தைகளுக்கு ஒரு சின்னம் கேட்டுப் பெற்றோர் ஆண்டுக்கணக்காக நடந்தார்கள். அதே நகராட்சியில், செர்பியப் படை மற்ற இனத்தவரை அடைத்து வைத்த ட்ர்னோபோல்யே தடுப்பு முகாம் இருந்த பள்ளியின் முன்னால் செர்பியப் படையினருக்கான கான்கிரீட் நினைவுச்சின்னம் நிற்கிறது. முகாமில் அடைபட்டிருந்தவர்கள் திரும்பி வந்தால் பார்ப்பது அதைத்தான்.

அதிகாரம் மாறினால் சின்னமும் மாறும் என்பதற்குச் சரயேவோவின் லத்தீன் பாலம் ஒன்றே போதும். 1914 ஜூன் 28 அன்று பொஸ்னிய செர்பிய இளைஞர் காவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரையும் மனைவியையும் சுட்டுக் கொன்ற இடம். 1917இல் ஆஸ்திரியா கொல்லப்பட்டவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் கட்டியது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்றதும் அது அகற்றப்பட்டது. 1930இல் பிரின்சிப்பைப் போற்றும் பலகை வந்தது. 1941இல் ஜெர்மானியர் அதைக் கழற்றி ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார்கள். 1945க்குப் பிறகு யூகோஸ்லாவியா பிரின்சிப்பை விடுதலை வீரராக்கியது, அவர் நின்ற இடத்தில் காலடித் தடங்களையும் பதித்தது. 1992 போரில் அந்தத் தடங்கள் அழிக்கப்பட்டன. 2004இல் வைத்த பலகை இன்ன நாளில் இங்கிருந்து இவர் இவர்களைச் சுட்டார் என்று மட்டும் சொல்கிறது. வீரர் என்றும் இல்லை, கொலைகாரர் என்றும் இல்லை. ஒத்துப்போகாத ஊரில் இப்படிப்பட்ட வறண்ட வாசகம்தான் அதிக காலம் தாங்கும். என்றாலும் சண்டை ஓய்ந்துவிடவில்லை, இடம் மாறியது: நூற்றாண்டையொட்டி 2014இல் கிழக்கு சரயேவோவில் பிரின்சிப்புக்குச் சிலை எழுந்தது.

பயன்பாட்டில் இருக்கும் இடங்கள்

மார்க்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று விழுந்த ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். 1995 ஆகஸ்ட் 28 அன்று சந்தைக்கு அருகே விழுந்ததில் 43 பேர். சந்தையின் பின்சுவரில் பெயர்கள் சிவப்புப் பின்னணியில் இருக்கின்றன, குண்டு விழுந்த தழும்பு கண்ணாடிக்கடியில் இருக்கிறது. அவற்றுக்கு முன்னால் தக்காளியும் முட்டைக்கோசும் விற்கிறார்கள். சிலருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். சந்தையை மூடி மண்டபமாக்கியிருந்தால் ஆண்டுக்கு ஒரு நாள் பிரமுகர்கள் வருவார்கள், மற்ற நாட்களில் பூட்டுத் தொங்கும். இப்போது தினமும் ஆள் நடமாட்டம் உண்டு, சுவரில் ஒரு பெயர் உதிர்ந்தால் அன்றைக்கே யாராவது கவனிப்பார்கள்.

ஆள் வராத இடத்தின் கதிக்கு வ்ராட்சா நினைவுப் பூங்கா உதாரணம். இரண்டாம் உலகப் போரில் இறந்த சரயேவோவாசிகளுக்காக 1981இல் திறந்தது. 1992இல் அந்த மேட்டிலிருந்தே செர்பியப் படை நகரைச் சுட்டது. போருக்குப் பின் இரண்டு நிர்வாக எல்லைகளுக்கு அருகே அகப்பட்டு, பெயர்கள் உடைந்து, புல் மண்டிப்போனது. 2005இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். அறிவிப்பு ஒரு காகிதம். தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது என்பது வேறு காகிதம்.

ஆகவே, உங்கள் ஊரில் ஒரு நினைவுக்கல் வைப்பதைப் பற்றிய கூட்டத்துக்குப் போனால், சிற்பத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசும் முன் சிலவற்றைக் கேளுங்கள். பராமரிப்புக்கு ஆண்டுச் செலவு எந்தத் துறையின் கணக்கில் வருகிறது? நிலம் யார் பெயரில் இருக்கிறது? வாசகத்தை யார் யாருக்குக் காட்டினீர்கள், எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? பெயர் சேர்க்கவும் திருத்தவும் யாரிடம் மனுக் கொடுப்பது? முதல் மனு திறப்புவிழா முடிந்த வாரத்திலேயே வரும். கூட்டக் குறிப்புகள், ஏற்கப்படாத வாசகங்கள், விடுபட்ட பெயர்களுக்கான காரணம் ஆகியவற்றைக் கோப்பாக்கி, ஊராட்சியிலோ நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள். கல்லை இடிப்பவர்களுக்கு ஒரு புல்டோசரும் ஓர் இரவும் போதும். கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் அதே பெயர்களோடு, அதே அளவில், கல்லைத் திரும்பக் கட்டலாம்.